நிலஅதிர்வு ஆய்வு: காவிரிப் படுகை

நிலஅதிர்வு ஆய்வு என்பது தரையில் அதிர்வை எழுப்பி, அடியிலுள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிந்து, நிலத்தடி அமைப்பை ஊகிக்கும் முறை. ஊகம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கருவி அளப்பது எதிரொலி திரும்பும் நேரத்தை, ஆழத்தை அல்ல. அலையின் வேகம் தெரிந்தால்தான் நேரம் ஆழமாகும். அந்த வேகத்தைத் துளைக்கிணறே உறுதிசெய்யும்.

மேல்மலையனூர், செஞ்சி வட்டாரங்களில் வெளியே தெரியும் தொல்பாறை வகையே கிழக்கே பிளவுகளில் இறங்கி, காவிரிப் படுகையின் அடித்தளமாகக் கிடக்கிறது. அங்கே அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பள்ளங்களையும் கும்பகோணம்–மாதானம் மேட்டையும் பிரித்துக் காட்டியதில் நிலஅதிர்வுத் தரவுக்குப் பெரும் பங்குண்டு. எதிரொலி வலுத்தாலே எரிவாயு என்று கொள்வோர் உண்டு. வாயு அலைவேகத்தைக் குறைத்து எதிரொலியை வலுப்படுத்துவது உண்மைதான். ஆனால் எடுத்துப் பயனில்லாத சிறிதளவு வாயுவும் அதே வலுவைத் தரும். மாதானத்தில் வெடிப்புற்ற அடிப்பாறையிலேயே ஓ.என்.ஜி.சி. எண்ணெயும் எரிவாயுவும் கண்டதே, மேல்மலையனூர்ப் பாறையில் ஏன் கூடாது என்றும் கேட்கலாம். மாதானம் மேட்டை ஒட்டிய பள்ளங்களில் ஆண்டிமடம் எனப்படும் களிப்பாறை அடுக்கு அந்த எண்ணெயையும் எரிவாயுவையும் விளைவித்தது. மேலே மூடுபாறையும் இருந்தது. மேல்மலையனூரில் இவ்விரண்டும் இல்லை. அங்கே பாறை வெடிப்புகளில் கிணற்று நீர்தான் ஊறும்.