பாற்சோறும் பச்சூனும்

காட்பாடிச் சந்திப்பிலிருந்து வடக்கே பிரியும் இருப்புப்பாதையில் திருப்பதியைக் கடந்து சென்றால் காளத்தி வெகுதொலைவில் இல்லை. அம்மலையில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய கண்ணப்பர் வரலாறு நாம் எல்லோரும் அறிந்ததே. வேடர்குலத் திண்ணனார் பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, வாயிலிட்டுச் சுவை பார்த்து, நல்லவற்றை மட்டும் தேர்ந்து இறைவனுக்குப் படைத்தார். மறுநாள் அதைக் கண்ட சிவகோசரியார் பதைத்துப் போனார். அன்பின் உச்சமாகப் போற்றப்படும் இக்கதைக்குள் ஓர் எளிய உண்மையும் பொதிந்திருக்கிறது. அன்பு செய்பவர் தாம் உண்பதையே அன்புக்குரியவர்க்கு ஊட்டுகிறார். வேடருக்கு ஊன், அந்தணருக்கு அமுது. படைக்கப்படுபவர் எதை உண்பார் என்ற வினா இருவரிடமும் எழவில்லை.

இறைவன் எதையும் ஏற்பான். வீட்டில் வளரும் விலங்குக்கு அந்தப் பெருந்தன்மை இயலாது; அதன் குடல் ஏற்பதை மட்டுமே அதனால் ஏற்க முடியும். மனிதன் தன்னோடு வைத்துக்கொண்ட ஊனுண்ணிகளின் உணவு வரலாற்றைப் பார்த்தால், அவற்றின் தட்டில் விழுந்தது பெரும்பாலும் மனிதனின் நம்பிக்கையே என்பது விளங்கும். இதற்குச் சிறந்த சான்று ஐரோப்பியர் வளர்த்த ஃபெரட் என்னும் சிறு விலங்கு.

ஃபெரட் நம் கீரியைப் போன்ற தோற்றமுடையது. ஆயினும் கீரியினம் அன்று. நீர்நாயும் மரவீசலும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியக் காட்டு விலங்கொன்றிலிருந்து ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே பழக்கப்படுத்தப்பட்டது. முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்டுவதே அதன் வேலை. முயல்கள் பெருகி விளைச்சலை அழித்ததால் பலேரிக் தீவினர் பேரரசர் அகஸ்டஸிடம் படையுதவி கேட்ட செய்தியையும், முயல் வேட்டைக்கு இத்தகைய விலங்கு பயன்பட்டதையும் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதன் இலத்தீன் பெயருக்குத் 'திருடன்' என்று பொருள்.

இந்த வேட்டை விலங்குக்கு இங்கிலாந்தில் நெடுங்காலம் இடப்பட்ட உணவு என்ன தெரியுமா? பாலில் ஊறவைத்த ரொட்டி. இறைச்சி கொடுத்தால் மூர்க்கமாகிவிடும், வளைக்குள்ளேயே முயலைக் கொன்று தின்று அங்கேயே உறங்கிவிடும் என்பது வளர்த்தோரின் அச்சம். பாலும் ரொட்டியும் உண்டால் சாதுவாக இருக்கும் என்பது நம்பிக்கை. ஊன் உண்பவன் கொடியவன், பால் உண்பவன் சாந்தன் என்ற எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் புலனாகிறது.

நம் மரபில் இந்த அச்சத்தின் துயரமான வடிவம் கீரிக்கதையாக நிலைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பழிக்கு ஆளாகிக் கணவனால் கைவிடப்பட்ட பார்ப்பனியின் துயரைக் கோவலன் பொருள் கொடுத்துத் தீர்த்த செய்தி வருகிறது. பஞ்சதந்திரம் அக்கதையை விரித்துச் சொல்கிறது. குழந்தையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரி குருதி படிந்த வாயோடு வரவேற்க வருகிறது. அந்த வாயைக் கண்ட மாத்திரத்தில் தீர்ப்பு வழங்கப்படுகிறது. கீரி தன் இயல்பின்படி நடந்ததால் பிள்ளை பிழைத்தது. அதே இயல்பு வெளித்தெரிந்ததால் கீரி மடிந்தது. ஊனுண்ணி வீட்டுக்குள் இருக்கலாம், ஆனால் ஊனுண்ணியாகத் தோன்றக்கூடாது என்ற மனித விதியின் முதற்பலி அது எனலாம். கிப்ளிங் 1894இல் வெளியிட்ட கீரிக்கதையில் ஆங்கிலேயக் குடும்பம் அதற்குச் சிறு பச்சை இறைச்சித் துண்டு கொடுக்கிறது. பிறகு வாழைப்பழமும் அவித்த முட்டையும் தருகிறது. இரண்டு உலகங்களும் ஒரே கதையில்! (இன்று இந்தியாவில் கீரி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது, வீட்டில் வளர்க்க இயலாது.)

ஊனுண்ணியின் வயிறு எப்படி வேறுபடுகிறது என்பதற்கு நம் வட்டாரத் தொழிலே ஒரு சாட்சி தருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நம்மைச் சூழ்ந்த ஊர்களின் வாழ்வு தோலோடு பிணைந்தது. சுண்ணாம்பில் ஊறிய தோலை மென்மையாக்க 19ஆம் நூற்றாண்டு இலண்டன் தோல் பதனிடுவோர் நாய்க்கழிவைப் பயன்படுத்தினர். தெருவில் அதைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த ஏழைகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ 1851இல் நூலாக வந்த தம் ஆய்வில் எழுதியிருக்கிறார். 1907இல் ஓட்டோ ரோம் என்னும் ஜெர்மானிய வேதியியலார், விலங்கின் கணையத்தில் சுரக்கும் நொதிகளே அவ்வேலையைச் செய்யும் என்று காட்டி, கழிவுக்கு மாற்றாக அவற்றைப் புகுத்தினார். புரதத்தைக் கரைக்கும் அதே நொதிகளே ஊனுண்ணியின் உடலில் இறைச்சியைச் செரிக்கின்றன.

ஃபெரட்டின் குடல் இதற்கெனவே அமைந்தது. மிகக் குட்டையானது, குடல்வால் பையும் இல்லை. உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். நார்ப்பொருளையும் மாவுச்சத்தையும் ஆற அமரச் செரிக்க அங்கே இடமுமில்லை, நேரமுமில்லை. பாலும் ரொட்டியும் அதைச் சாதுவாக்கியிருக்குமானால், அது அமைதியால் அன்று, பலவீனத்தால்.

பாற்சோற்றுக்குப் பின் வந்தது தொழிற்சாலை. 1860களில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் இலண்டனில் நாய்களுக்கான ரொட்டியை விற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது டப்பா உணவு பின்தங்கி, உலர் உணவு முந்தியது. 1957இல் அமெரிக்காவில் தானியத்தையும் இறைச்சித் தூளையும் அழுத்திப் பொரித்த உருண்டைகள் கடைக்கு வந்தன. கெடாத உணவு, அளந்து போட எளிது. ஆயினும் மாவின்றி அவ்வுருண்டை உருவாகாது. ஊனுண்ணியின் தட்டில் இம்முறை விழுந்தது இயந்திரத்தின் தேவை.

இதற்கு எதிர்வினையாகவே, பச்சை இறைச்சிக்கு மீட்போம் என்ற குரல் சென்ற நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. அதன் ஆதரவாளர் தவறாமல் சுட்டுவது கலிஃபோர்னியாவில் மருத்துவர் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் 1932 முதல் 1942 வரை ஏறத்தாழ 900 பூனைகளைக் கொண்டு செய்த சோதனை. பச்சை இறைச்சி உண்டவை தலைமுறை தலைமுறையாக நலமுற்றிருந்தன. சமைத்த இறைச்சி உண்டவை மூன்றாம் தலைமுறையில் நலிந்தன. 'நெருப்பே நஞ்சு' என்று இதைப் பலர் படித்தனர். பிற்கால ஆய்வோ வேறொன்றைக் காட்டியது. டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்று 1975இலும், இதயம் தளரும் என்று 1987இலும் நிறுவப்பட்டது. சமைக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி நீரோடு போய்விடுகிறது. அதை ஈடுசெய்தால் சமைத்த உணவும் போதுமானதே. குற்றவாளி நெருப்பன்று, குறைபாடு.

மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. 1932இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் பண்ணை நரிகளுக்குப் பச்சைக் கெண்டை மீன் கலந்து கொடுக்கப்பட்டது. நரிகள் பக்கவாதம் கண்டு மாண்டன. அம்மீனில் உள்ள ஒரு நொதி தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்தை அழித்துவிடுகிறது. வேகவைத்தால் நொதி செயலிழக்கும். ஒரே நெருப்பு ஓரிடத்தில் சத்தைப் போக்குகிறது. மற்றோரிடத்தில் உயிரைக் காக்கிறது. 'பச்சை' என்ற சொல் தன்னளவில் எதற்கும் உறுதி அன்று.

நம் காலத்தில் இது இன்னும் கூர்மை பெற்றுவிட்டது. 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் ஹெச்5என்1 பறவைக்காய்ச்சலால் மாண்டன. உணவாக இட்ட கோழியிறைச்சி மீது ஐயம் எழுந்தது. அதே மாதம் அமெரிக்காவின் ஓரிகனில் உறைந்த பச்சை வான்கோழி உணவை உண்ட வீட்டுப்பூனை அதே நோயால் இறந்தது. ஃபெரட்டுக்கோ இந்த இடர் இன்னும் நெருக்கமானது. 1933இல் இலண்டன் ஆய்வாளர்கள் மனித இன்ஃபுளூயன்சா வைரஸை முதன்முதலில் இனங்கண்டதே ஃபெரட்டுகளின் வழியாகத்தான். மனிதனின் சளிக்காய்ச்சல் அவ்வளவு எளிதில் அதைப் பற்றும்.

அப்படியானால் பச்சூனுக்கு மாற்றுவது தவறா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பச்சை இறைச்சியில் நன்கு வாழும் ஃபெரட்டுகள் உண்டு. ஆனால் மாற்றம் ஒரு கொள்கை அறிவிப்பாக நிகழ முடியாது. ஃபெரட் தன் முதல் சில மாதங்களில் முகர்ந்ததையே உணவென்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. உருண்டையில் வளர்ந்த விலங்கு, முன்னால் வைத்த இறைச்சியை உணவென்றே அறியாமல் பட்டினி கிடக்கக்கூடும். வேகமாகச் செரிக்கும் அதன் உடலுக்குப் பட்டினி ஆபத்து. எனவே பழைய உணவில் சிறிது சிறிதாகக் கலந்து, வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். எலும்பில்லாத சதை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து குறைந்து எலும்பு நோகும். ஈரலை மிகுத்தால் ஏ உயிர்ச்சத்து மிகும். எலும்பு, ஈரல், இதயம் எனப் பகுத்து அளந்தாக வேண்டும். வேட்டையாடிய உயிர் முழுதாக உண்டதை நாம் துண்டுதுண்டாகத் திரும்பச் சேர்க்கிறோம்.

நம் தமிழ் வீடுகளில் ஃபெரட் அரிது. ஆனால் பூனைக்குப் பாற்சோறும் நாய்க்குத் தயிர்ச்சோறும் இடும் வழக்கம் அரிதன்று. நாயின் உடல் மனிதனோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்க ஓரளவு பழகிவிட்டது, பூனை பழகவில்லை. சங்கப் பாடல்களில் மனைக்கோழிக்குக் காத்திருந்த வெருகின் குடலே இன்றும் நம் திண்ணைப் பூனைக்கு உள்ளே இருக்கிறது.

காட்பாடியை அடுத்த வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் 9ஆம் நூற்றாண்டில் எடுத்த சமணக் குகை இருக்கிறது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டவர் தங்கிய மலை அது. முருகன் மணந்த வேடர்குல வள்ளியின் மலையும் அதுவே. சற்றுத் தெற்கே தோல் ஊறும் தொட்டிகள். இவ்வூரில் ஊனைக் குறித்து ஒருமித்த கருத்து என்றும் இருந்ததில்லை, இருக்கவும் தேவையில்லை. ஊனை மறுப்பது மனிதன் தன் நாவுக்கு விதித்துக்கொள்ளும் அறம். அதன் பெருமை அவன் அதைத் தெரிந்து தேர்ந்ததில் இருக்கிறது. தேர்வு என்பதே இல்லாத உயிரின் தட்டில் அதை வைக்கும்போது அறம் கட்டாயமாகிவிடுகிறது. 'இயற்கை' என்ற பெயரில் கண்மூடிப் பச்சூனை வைப்பதும் அதே கட்டாயத்தின் மறுபெயர்தான். ஊனுண்ணியை வீட்டில் ஏற்பவர், அதன் குருதி படிந்த வாயையும் சேர்த்தே ஏற்கிறார். அதற்கு மனமில்லாதவர் முயலை வளர்க்கலாம். அது எந்த அறத்துக்கும் இடையூறு செய்வதில்லை.