நோயின் பெயர் தெரிந்த பிறகு

ஏ.எல்.எஸ் என்று வைத்தியர் சொன்னதும் நமது ஊர்களில் எழும் முதல் கேள்வி, "இதுக்கு மருந்து இரிக்கா?" என்பதுதான். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அது தெரிந்ததும் பலர் மனம் உடைந்து அந்த இடத்திலேயே நின்று விடுகின்றோம். ஆனால் இந்நோயின் வரலாற்றைப் படிக்கும்போது, நோயாளிகளையும் குடும்பங்களையும் தாங்கிப் பிடித்தது இன்னொரு கேள்வி என்பது புரிகிறது. இனி எதை, யார், எப்போது செய்வது என்பதே அந்தக் கேள்வி.

மூளையிலும் முண்ணாணிலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிவதே இந்நோய். கை, கால், பேச்சு, விழுங்குதல் என ஒவ்வொன்றாகப் பலவீனமாகி, கடைசியில் மூச்சுக்கு வந்து சேரும். பெரும்பாலானோருக்கு அறிவும் உணர்வும் தெளிவாகவே இருக்கும். பாரிஸ் நகரின் சார்க்கோ என்ற வைத்தியர் 1869இல் இதை விளக்கி, 1874இல் பெயரும் வைத்தார். முதல் மருந்தான ரிலுசோல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1995இல். அதுவும் சில மாதங்களைத்தான் கூட்டித் தருகிறது. பெயருக்கும் மருந்துக்கும் இடையில் 121 வருடங்கள். அத்தனை காலமும் நோயாளிகளுக்குத் துணையாக இருந்தது மனிதர்களின் பராமரிப்பு மட்டுமே.

அமெரிக்காவின் பேஸ்போல் வீரர் லூ கெஹ்ரிக்குக்கு 1939 ஜூன் மாதம் இந்நோய் உறுதியானது. அப்போது அவருக்கு 36 வயது. விளையாட்டை விட்டாலும் அவர் முடங்கிவிடவில்லை. நியூயோர்க் மாநகரில் கைதிகளின் நன்னடத்தை விடுதலையைத் தீர்மானிக்கும் ஆணைக்குழுவில் பொறுப்பேற்றார். கை தளர்ந்தபோது, மனைவி அவருடைய கையைப் பிடித்து வழிநடத்த ஆவணங்களில் கையொப்பமிட்டார். 1941 ஜூன் 2இல் காலமானார். கையொப்பம் தளரும் நாள் வரும் என்பதை நாமும் முன்கூட்டியே எண்ண வேண்டும். வங்கிக் கணக்கு, காணி உறுதி, ஓய்வூதியப் பத்திரங்கள், கொடுக்கல் வாங்கல், வஸிய்யத் எல்லாவற்றையும் கை எழுதும் காலத்திலேயே ஒழுங்குபடுத்துவது நல்லது. இதைப் பேசுவது அபசகுனம் அல்ல. நோயாளியின் உரிமை.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங்குக்கு 1963இல், 21 வயதில் நோய் தெரியவந்தது. 2018 வரை வாழ்ந்தார். இது மிக அரிது. பெரும்பாலானோருக்கு 2 முதல் 5 வருடங்களே கிடைக்கின்றன. 1985இல் தொண்டையில் துளையிட்டுச் சுவாசக் குழாய் பொருத்தியதும் அவர் குரலை இழந்தார். கணினி வருவதற்கு முன், எழுத்து அட்டையில் சரியான எழுத்தை மற்றவர் தொடும்போது புருவத்தை உயர்த்திக் காட்டியே சொற்களைச் சேர்த்தார். பிள்ளைகளுக்கு அரிச்சுவடி படிப்பிக்கும் நமக்கு இது பெரிய விடயமல்ல. 18 மெய்யெழுத்துகள் ஒரு வரிசையிலும் 12 உயிரெழுத்துகள் ஒரு வரிசையிலும் இருக்கும் ஒரு மட்டை போதும். முதலில் மெய், பிறகு உயிர். "தண்ணீர்", "நோவுது", "திருப்பிப் படுக்க வையுங்க" போன்ற அன்றாடத் தேவைகளைத் தனியாகப் பெரிய எழுத்தில் எழுதலாம். பேச்சு இருக்கும்போதே இதைப் பழக வேண்டும். குரலையும் தொலைபேசியில் பதிந்து வைக்கலாம்.

சென்னை வைத்தியர்கள் 1970களில், இளவயதில் தொடங்கி, செவித்திறனையும் பாதித்து, மெதுவாக நகரும் ஒரு வகையை விவரித்தார்கள். உலக மருத்துவ நூல்களில் அது 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்றே அழைக்கப்படுகிறது. ஆகவே எந்த வகை, எந்த வேகம் என்பதை நரம்பியல் வைத்தியரிடம் கேட்டறிந்தே திட்டமிட வேண்டும்.

1967இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் லண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லம், புற்றுநோயாளிகளோடு இந்நோயாளிகளையும் ஏற்றுப் பராமரித்தது. பின்னர் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. மூச்சுத் தசை பலவீனமாகும்போது முகமூடி வழிச் சுவாசக் கருவியைப் பயன்படுத்தினால், பலருக்கு வாழ்நாளும் கூடுகிறது, தூக்கமும் சீராகிறது. வயிற்றில் உணவுக் குழாய் பொருத்துவதையும் மூச்சு மிகவும் குறைவதற்கு முன் செய்வதே பாதுகாப்பு. இரண்டுக்கும் காலம் முக்கியம். கடைசி நேரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று எடுக்கும் முடிவாக இவை இருக்கக் கூடாது.

நமக்கு மிகவும் நெருக்கமான பாடம் கேரளத்தில் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் வைத்தியர்கள் ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோரின் முயற்சியில் ஒரு வலி நிவாரணச் சங்கம் உருவானது. நோயாளிகள் வைத்தியசாலைக்கு வருவதைவிட, பராமரிப்பு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். மாப்பிள்ளை முஸ்லிம்கள் அதிகம் வாழும் மலப்புறம் மாவட்டத்தில் அண்டை அயலார் பயிற்சி பெற்று, வாரத்தில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி, படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். செலவில் பெரும்பகுதி ஊரின் சிறு சிறு நன்கொடைகள். தாதி ஒருவர் முறையாக வருவார். அயலவர் அரிசி, பாடசாலைச் செலவு, சக்கர நாற்காலி, பேச்சுத் துணை ஆகியவற்றைக் கவனிப்பார்கள். அந்த மக்கள் முயற்சி வளர்ந்து, 2008இல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது.

இலங்கையிலும் சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரைக்கான நோய்தணிப்புப் பராமரிப்புத் திட்டத்தை வகுத்தது. ஆனால் கொழும்பில் எழுதப்பட்ட திட்டம் மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டுக் கட்டிலருகே வந்து சேர, இடையில் ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்கள் நம்மிடம் இல்லாமலில்லை. 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நமது அம்பாறை. அன்று எவரும் அழைக்காமலே இளைஞர்கள் ஜனாஸாக்களைத் தேடி எடுத்து அடக்கினார்கள். இன்றும் ஒரு மௌத்துச் செய்தி வந்தால் குழி வெட்ட, கபன் எடுக்க, சந்தூக்குச் சுமக்க ஊர் ஓடி வருகிறது. அந்த ஓட்டத்தில் ஒரு பகுதியை உயிரோடு இருப்பவரின் வாசலுக்குத் திருப்ப வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

தூக்கிக் குளிப்பாட்டப் பலம் வேண்டும். இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். இந்தச் சுமை பெரும்பாலும் ஒரு மனைவியின் அல்லது ஒரு மகளின் தோளில்தான் விழுகிறது. அவள் வாரத்தில் ஓர் இரவாவது முழுதாகத் தூங்க வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆறு பேர் முறை வைத்து வந்தால் அது நடக்கும். பள்ளிவாசலில் கட்டில், காற்று மெத்தை, சளி உறிஞ்சும் இயந்திரம் ஆகியவற்றை இரவல் கொடுக்க வைத்திருந்தால், ஒரு குடும்பம் முடித்த பிறகு அடுத்த குடும்பத்துக்கு உதவும். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் எந்த வீட்டுக்கு முதலில் ஜெனரேட்டர் போக வேண்டும் என்ற பட்டியல் நிருவாகத்தின் கையில் இருக்க வேண்டும்.

மருந்து வரும் நாளை நாம் தீர்மானிக்க முடியாது. முறை வைக்கும் பட்டியலை வருகின்ற ஜும்ஆவுக்குப் பிறகே எழுதத் தொடங்கலாம்.