பாலன்ஸ் மட்டும் ரகசியம், மார்க் ஊருக்கேவா?

மார்ச் க்ளோசிங், ஆடிட் என்று ஓடியதில் இந்தப் பக்கம் வந்தே பல நாளாகிவிட்டது. இன்று எழுத வைத்தவள் என் மகள்.

அவளுடைய பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, மார்க் ஷீட்டை அப்படியே படம் பிடித்து, இங்கே லக்னோவில் உள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டேன். ரோல் நம்பர், பிறந்த தேதி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வாழ்த்துகள் கொட்டின. ஊரிலிருந்து ஒரு மாமா மட்டும், "அந்த ஒரு பாடத்துல ஏன் இவ்ளோ கொறைஞ்சு போச்சு?" என்று கேட்டிருந்தார். அன்று இரவு மகள் சாப்பிட வரவில்லை. தங்கமணி சமாதானப்படுத்தி அழைத்து வந்த பிறகு என்னிடம் கேட்டாள்:

"உங்க கஸ்டமரோட பாலன்ஸ் என்னன்னு அம்மாகிட்டகூட சொல்ல மாட்டீங்க. என் மார்க்கை மட்டும் ஏம்ப்பா ஊருக்கே சொன்னீங்க?"

என்னிடம் பதில் இல்லை. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. 1969-ல் 14 வங்கிகள் தேசியமயமான பின் வந்த 1970-ஆம் வருடச் சட்டத்திலேயே அந்த உறுதிமொழியின் வாசகம் இருக்கிறது. வாடிக்கையாளர் கணக்கு விவரங்களை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொரு ஊழியரும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு உண்டு. டூர்னியர் என்பவர் பத்து பவுண்டுக்கும் குறைவாக ஓவர்டிராஃப்ட் பாக்கி வைத்திருந்தார். அவருடைய விலாசம் கேட்டு வங்கி மேனேஜர் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். பேச்சோடு பேச்சாக, பாக்கி இருப்பதையும், ஆள் பந்தயம் கட்டுகிறார் போலிருக்கிறது என்ற சந்தேகத்தையும் சொல்லிவிட்டார். டூர்னியருக்கு வேலை போயிற்று. தீர்ப்பு வந்தது: ரகசியம் காப்பது வங்கியின் கடமை. சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுநலக் கடமை இருந்தால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளரே சம்மதித்தால்... இந்த நான்கு சமயங்களில் மட்டுமே வாய் திறக்கலாம். இன்றும் எங்களுக்கு இதுதான் பாலபாடம்.

சரி, வங்கிக்கு வெளியே சாதாரண மனுஷனின் அந்தரங்கத்துக்கு நம் நாட்டில் என்ன மரியாதை இருந்தது? அந்தக் கதை நான் இப்போது வசிக்கும் இதே உத்தரப் பிரதேசத்தில் நடந்தது.

கரக் சிங் என்பவரை 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் போலீஸ் அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்தது. நடுராத்திரியில் காவலாளியும் கான்ஸ்டபிளும் வந்து கதவைத் தட்டி, எழுப்பி, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ராத்திரி கதவைத் தட்டுவது செல்லாது. ஆனால் அந்தரங்கம் என்று ஒரு உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றது பெரும்பான்மை. 1954-லேயே எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்று ஏறக்குறைய அப்படித்தான் சொல்லியிருந்தது. அந்தரங்கம் இல்லாமல் சுதந்திரம் ஏது என்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர்.

அடுத்த முக்கியமான வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. ஆட்டோ சங்கர் ஞாபகம் இருக்கிறதா? தூக்குத் தண்டனைக் கைதியான அவருடைய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முயன்றபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், வெளிவருமுன்பே அரசு தடுக்க முடியாது என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது: ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, படிப்பு போன்ற விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் பிறர் வெளியிடக் கூடாது. பொது ஆவணங்களில் உள்ளவை விதிவிலக்கு. அந்தப் பட்டியலில் 'படிப்பு' இருப்பதைக் கவனித்தீர்களா? நான் இப்போதுதான் கவனித்தேன் :-(

பத்து வருடம் கழித்து எங்கள் வங்கித் துறைக்கே முறை வந்தது. முத்திரைத்தாள் வரி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, கலெக்டர் அனுமதி கொடுத்த யாரும் வங்கிக்குள் வந்து ஆவணங்களைப் புரட்டலாம் என்று ஆந்திரப் பிரதேசம் சட்டம் போட்டிருந்தது. கனரா வங்கி எதிர்த்து வழக்காடியது. வங்கியிடம் போன பேப்பரில் வாடிக்கையாளருக்கு உரிமை இல்லை என்று 1976-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னதை, நம் கோர்ட் 2004 நவம்பரில் ஏற்க மறுத்தது. அந்தரங்கம் இடத்தைச் சேர்ந்ததில்லை, ஆளைச் சேர்ந்தது. காகிதத்தை வங்கியிடம் கொடுத்துவிட்டதாலேயே அது போய்விடாது என்றது.

ஆதாரை எதிர்த்து 2012-ல் வழக்குப் போட்டவர் கர்நாடக உயர்நீதிமன்ற ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி. மத்திய அரசு அந்த 1954, 1962 தீர்ப்புகளைத்தான் எடுத்து நீட்டியது. எட்டுப் பேர் சொன்னதை மாற்ற ஒன்பது பேர் வேண்டுமே! ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். சுப்பா ராவ் எழுதியதுதான் சரி என்றாக 55 வருடம் பிடித்தது.

2023-ல் தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்தன. ஆர்வமாகப் படித்தேன். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டுமாம். சொந்த, வீட்டுக் காரியத்துக்காகத் தனிமனிதர் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதாம். ஆக, அப்பாவைக் கேள்வி கேட்க இந்தச் சட்டம் வராது. கேட்டால் மகள்தான் கேட்க வேண்டும்.

ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். படம் போடாவிட்டால் சொந்தபந்தம் விட்டுப்போகுமோ என்ற பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும்தான். ஆனால் டூர்னியரின் மேனேஜரும் கெட்ட எண்ணத்தில் பேசியதாகத் தெரியவில்லை. விலாசம் கேட்கத்தான் ஃபோன் போட்டார்.

படத்தை இரண்டு இடத்திலும் அழித்துவிட்டேன். யார் யார் சேமித்து வைத்திருக்கிறார்களோ, அது என் கையில் இல்லை. இதை வெளியிடும் முன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அந்தப் பாடத்தின் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.