யாழ்ப்பாணமும் காலியும்: சொந்த மண் காணாத சமர்

வடக்கில் "பெரும் சமர்" என்றால் அதற்கு விளக்கம் தேவையில்லை. யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையில் 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியே அது. பத்திரிகைப் பணியில் இருந்த காலம் முழுவதும் மார்ச் மாதம் வந்தால் அதற்கென ஒரு பக்கத்தை ஒதுக்கிவைப்பது எங்கள் வழக்கம். போர் இடையிட்டுக் குழப்பிய ஆண்டுகள் உண்டு. ஆயினும் அந்தப் போட்டி அழிந்துவிடவில்லை.

தொழில்முறைத் துடுப்பாட்டத்தில் யாழ்ப்பாணத்தின் பெயர் ஒலிக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு வாய்த்த நிலையான எதிரி காலி அணி. முதலாவது இறுதியாட்டம் 2020 டிசம்பரில் அம்பாந்தோட்டையில் நடைபெற்றது. ஜப்னா ஸ்டாலியன்ஸ் 188 ஓட்டங்களைக் குவித்து, காலி கிளாடியேட்டர்ஸை 53 ஓட்டங்களால் வென்றது.

மறு ஆண்டு லைக்கா நிறுவனம் அணியைப் பொறுப்பேற்க, அது ஜப்னா கிங்ஸ் எனப் பெயர் மாறியது. புள்ளிப் பட்டியலில் முதலிரு இடங்களைப் பெறும் அணிகள் முதலாவது தகுதிகாண் ஆட்டத்தில் மோதும். வெல்லும் அணி நேரே இறுதிக்குச் செல்லும். தோற்கும் அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 2021இல் அந்த ஆட்டத்தில் காலியிடம் தோற்ற யாழ்ப்பாணம், இரண்டாவது வாய்ப்பில் தம்புள்ளையை வென்று இறுதிக்கு வந்தது. அங்கே அதே காலியை 23 ஓட்டங்களால் வீழ்த்தியது. 2022இல் கொழும்பை வென்று மூன்றாவது கிண்ணத்தையும் கைப்பற்றியது.

2024இல் வரலாறு திரும்பவும் நிகழ்ந்தது. காலி மாவல்ஸ் அணியிடம் முதலாவது தகுதிகாண் ஆட்டத்தில் தோல்வி. பின்னர் கண்டியை ஒரேயொரு ஓட்டத்தால் வென்று இறுதிக்கு நுழைவு. இறுதியாட்டத்தில் காலி பெற்ற 184 ஓட்டங்களை, ரைலி ருசோ ஆட்டமிழக்காமல் பெற்ற 106 ஓட்டங்களின் துணையுடன் யாழ்ப்பாணம் ஒரு விக்கெட்டை மட்டும் இழந்து கடந்தது. ஆக, மூன்று இறுதியாட்டங்களில் காலியைச் சந்தித்து மூன்றிலும் யாழ்ப்பாணமே வென்றது.

இத்தனை பெருமையிலும் ஒரு குறை உண்டு. இந்த ஆட்டங்களில் ஒன்றுகூட யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. காலியிலும் நடைபெறவில்லைதான். ஆனால் காலிக்கு 1998 முதல் டெஸ்ட் போட்டிகள் நடக்கும் மைதானம் இருக்கிறது. வடக்கிலோ சர்வதேச மைதானமே இல்லை. மண்டைதீவில் அதற்கான அடிக்கல் 2025 செப்டெம்பர் முதலாம் திகதிதான் நாட்டப்பட்டது.

மைதானம் என்பது வெறும் புல்தரை அன்று. 2020இல் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணியில் அறிமுகமாகி, பின்னர் 2024இல் ஐ.பி.எல். போட்டிகளில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணிக்காகவும் பந்துவீசிய விஜயகாந்த் வியாஸ்காந்த், யாழ் மத்திய கல்லூரியின் பிள்ளை. பெரும் சமரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கிய மண்ணே அவரையும் தந்தது. மைதானம் இருந்த இடத்தில் பகைமையும் விளையாட்டாக முதிர்ந்தது, ஆட்டக்காரரும் முளைத்தனர்.

இதை நான் கண்டாவளையை மனதில் வைத்தே எழுதுகிறேன். வயலும் வாய்க்காலுமாக விரிந்த பிரதேசம் அது. 2009இன் தொடக்கத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்த மக்கள் முதலில் தேடியது கூரையையும் விதைநெல்லையும். விளையாட்டுக்கு அப்போது முறை வரவில்லை. அறுவடை முடிந்த வயலில் மென்பந்தும், கயிறு கட்டிய முற்றத்தில் கரப்பந்தும் ஆடத் தடையில்லை. ஆனால் கடினப்பந்துக்கு ஆடுதளம் வேண்டும், காப்புக் கவசங்கள் வேண்டும், பயிற்றுநர் வேண்டும். வன்னிப் பிள்ளைக்கு யாழ்ப்பாண அணி தொலைக்காட்சியில்தான் "எங்கள் அணி".

மண்டைதீவு மைதானம் எழட்டும், மகிழ்ச்சியே. அதனுடன் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பள்ளிக்கூடங்களுக்கும் சில ஆடுதளங்கள் கிடைக்குமானால், காலியை எதிர்த்து நிற்கும் அடுத்த பந்துவீச்சாளன் கண்டாவளையிலிருந்தும் வரக்கூடும். கிண்ணம் நான்கு முறை யாழ்ப்பாணத்தின் பெயருக்கு வந்துவிட்டது. ஆட்டம் இன்னும் வடக்குக்கு வரவில்லை.