வைக்கோலும் எரிசோடாவும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் இரசாயன ஆய்வின் வரலாற்றுப் பின்னணி

பயனுள்ள சேர்வைகளையும் பொருள்களையும் தொகுத்து ஆக்குதல் இரசாயன மாணவர் ஆய்வின் முக்கிய துறைகளுள் ஒன்றாகும். இதனை ஆய்வுகூடத்துள் நிகழும் நுட்பச் செயலாக மட்டும் நோக்கும் வழக்கம் நம்மிடையே வலுவாக உள்ளது. ஆயின் எதனை மூலப்பொருளாகக் கொள்வது, ஆக்கப்பட்ட பொருள் யாருக்குப் பயன்படுவது, எஞ்சும் கழிவை யார் சுமப்பது என்னும் வினாக்கள் சமூக வரலாற்றைச் சார்ந்தவை. மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் அனுபவத்தைக் கொண்டு இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொகுப்பு இரசாயனக் கைத்தொழிலின் வரலாறு ஒரு மாணவனிடமிருந்தே தொடங்குகிறது எனலாம். 1856இல் இலண்டனில் 18 வயதினனான வில்லியம் பேர்க்கின், மலேரியா மருந்தாகிய குயினைனைத் தொகுக்க முயன்றபோது ஊதாநிறச் சாயமொன்றைப் பெற்றான். அவன் கையாண்ட அனிலீன் நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது. தாரோ, விளக்கெரிப்பதற்காக நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த ஆலைகளின் கழிவு. கழிவு மூலப்பொருளானமையே சாயக் கைத்தொழிலின் அடிப்படையாயிற்று. அதே கைத்தொழில் 1897இல் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தபோது இந்தியாவின் அவுரிச் செய்கை நலிவுற்றது. அந்நட்டத்தையும் உயர்த்தப்பட்ட குத்தகையின் வடிவில் விவசாயியின் தலையிலேயே ஏற்றத் தோட்ட முதலாளிகள் முற்பட்டமை 1917ஆம் ஆண்டுச் சம்பாரண் போராட்டத்தின் பின்னணிகளுள் ஒன்றாகும்.

கிழக்கிலங்கையை நோக்குவோம். அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமிழாராய்ச்சியாளராகவே பெரிதும் அறியப்படுகிறார். எனினும் துறவு பூணுமுன் அவர் விஞ்ஞான ஆசிரியர். கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனத் துறையிற் பணியாற்றியவர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத் தரத்தில் இரசாயனம் பயில்வதற்கோ, பயின்றதைப் பெருங்கைத்தொழிலொன்றிற் பயன்படுத்துவதற்கோ வாவிக்கரையில் அன்று வாய்ப்பு இருக்கவில்லை.

இந்நிலை 1950களில் மாறத் தொடங்கியது. 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தில் அடித்தளமிடப்பட்ட அரசாங்கத் தொழிற்சாலைகளுள் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஆகியன குறிப்பிடத்தக்கவை. பின்னைய இரண்டிற்கும் இடையே இயல்பானதோர் உற்பத்தித் தொடர்பு உண்டு. ஆனையிறவு உப்பின் கரைசலை மின்பகுத்துப் பரந்தனில் எரிசோடாவும் குளோரீனும் பெறப்பட்டன. வைக்கோலைக் கூழாக்க எரிசோடாவும், கூழை வெளிற்றக் குளோரீனும் வேண்டும். உப்பளத் தொழிலாளி, நெல் விவசாயி, ஆலைத் தொழிலாளி ஆகிய மூவரின் உழைப்பும் ஒரு தாள் கடதாசியில் ஒன்றுசேர இடமளித்த திட்டம் அது.

ஆயினும் வைக்கோலின் இரசாயனத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வைக்கோலின் நார்ப்பொருள் செலுலோசு. நார்களைப் பிணைத்து நிற்பது இலிக்னின். சூடான எரிசோடாக் கரைசல் இலிக்னினைக் கரைத்துவிட, செலுலோசு கூழாக எஞ்சும். இலிக்னின் கலந்த கழிவுநீர் கருநிறமானது. மரக்கூழ் ஆலைகள் இக்கருநீரைச் செறிவாக்கி எரித்து வெப்பத்தைப் பெறுவதோடு சோடாவையும் மீட்கின்றன. வைக்கோலிலோ நிறையிற் பத்து வீதத்துக்கு மேற்பட்ட சாம்பல் உண்டு; அதன் பெரும்பகுதி சிலிக்கா. அது எரிசோடாவிற் கரைந்து சோடியஞ் சிலிக்கேற்றாகிக் கருநீரைத் தடிப்பாக்கும். ஆவியாக்கும் குழாய்களிற் படிந்து அவற்றை அடைக்கும். வைக்கோற் கூழ் ஆலைகளிற் சோடா மீட்பு பல நாடுகளிலும் இடர்ப்பட்டமைக்கு இதுவே முக்கிய காரணம். மீட்கப்படாத கருநீர் அயலிலுள்ள நீர்நிலையைச் சேரும். வாழைச்சேனை வாவியும் ஆலைக்கழிவினால் மாசுற்றது. கருநீர் கலந்த நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும், ஒளி உட்புகாது, மீன் பெருகாது. ஆலையின் சம்பளப் பட்டியலில் இடம்பெறாத மீனவன் அதன் உற்பத்திச் செலவில் ஒரு பங்கைச் செலுத்தவேண்டியவனானான்.

1981 ஓகஸ்ட் 1இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1986 ஒக்ரோபர் 1இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞானமும் விவசாயமும் அதன் தொடக்கப் பீடங்கள். வந்தாறுமூலைக்கும் வாழைச்சேனைக்கும் இடையே இருபது கிலோமீற்றருக்குக் குறைந்த தூரமே உண்டு. ஆலையின் சிக்கலை ஆய்வுகூடம் ஏற்கத்தக்க அயலுறவு இது. அவ்வுறவு வளர்தற்குரிய அமைதி கிடைக்கவில்லை. பரந்தன் தொழிற்சாலை போரினாற் செயலிழந்தது. வாழைச்சேனையில் உற்பத்தி மீண்டும் மீண்டும் தடைப்பட்டது. 1990 செப்ரெம்பரில் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாயிருந்தது. அம்மாதம் 5ஆம் நாள் அங்கிருந்து படையினராற் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் மீளவில்லை. இப்பிரதேசத்து ஆய்வின் குறைநிறைகளை மதிப்பிடுவோர் இவ்வரலாற்றைப் புறக்கணித்தல் ஆகாது.

எனினும் வைக்கோல் எழுப்பிய வினா இன்றும் ஆய்வுக்குரியதே. கருநீரினுள் காபனீரொட்சைட்டைச் செலுத்திக் காரத்தன்மையைக் குறைத்தாற் சிலிக்கா வீழ்படியும். மேலும் அமிலமாக்கினால் இலிக்னின் பிரியும். முன்னையது இறப்பருக்கு வலுவூட்டும் நிரப்பியாகும்; பின்னையது ஒட்டுபசை தயாரிப்பிற் பீனோலின் ஒரு பகுதிக்கு ஈடாகும். நெல் ஆலைகளின் உமிச் சாம்பலும் சிலிக்காவின் மூலமே. இறாற் கோதிலுள்ள கைற்றினை எரிசோடாவுடன் சூடாக்கிப் பெறும் கைற்றோசான், நீரிலுள்ள பார உலோக அயன்களைப் பற்றவல்லது. இவை யாவும் எளிய உபகரணங்களோடு மாணவர் தொடங்கத்தக்கவை. மூலப்பொருள்கள் வாவியைச் சூழவே கிடைப்பவை.

ஆனால் கைற்றோசான் ஆக்கமும் எரிசோடாக் கழிவை விட்டுச்செல்கிறது என்பது மனங்கொளத்தக்கது. நீரைத் தூய்மையாக்கும் பொருளைத் தயாரிப்பதில் நீரே கெடலாம். ஆகவே விளைபொருள் எத்தனை வீதம் கிடைத்தது எனக் குறிக்கும் மாணவ ஆய்வேட்டில், எஞ்சிய கரைசல் எவ்வளவு, அது எங்கே சென்றது என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். வாழைச்சேனை ஆலையின் கணக்கில் விடுபட்ட பகுதி அதுவே.