பேச்சுரிமையும் அரசின் கடமையும்

நேயர்களே, குடியியல் பாடத்தில் பேச்சுரிமை பற்றிய பகுதி வரும்போது மாணவர் ஒரு வினா எழுப்புவதுண்டு. "உரிமை சட்டத்தில் இருக்கிறதே, ஐயா, பின்னர் எழுதுகிறவர்கள் ஏன் அஞ்சுகிறார்கள்?" என்பதே அது. திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியில் அமைந்த எங்கள் சாம்பல்தீவில் இதனை வெறும் ஏட்டு வினாவாகக் கொள்ளுதல் இயலாது. விடை காணச் சற்றே வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1937ஆம் ஆண்டு, பிரேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று மேடைகளிற் பேசினார். அவரை நாடு கடத்துமாறு தேசாதிபதி கட்டளையிட்டார். அக்கட்டளை செல்லாதெனக் கண்டு உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆளுவோரின் விருப்பத்திற்கும் ஓர் எல்லை உண்டென்பது அன்று நிலைநாட்டப்பெற்றது.

சுதந்திர நாட்டில் அவ்வெல்லை எப்போதும் பேணப்பட்டது என்று கூறுவதற்கில்லை. 1973ஆம் ஆண்டில் பத்திரிகைப் பேரவைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் இன்னொரு சட்டத்தினால் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் அரசின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தன் 14ஆம் உறுப்புரையிற் பேச்சுரிமையையும் வெளியீட்டு உரிமையையும் குடிமக்களுக்கு அளித்தது. அடுத்த உறுப்புரையில் அவற்றுக்கு வரம்புகளையும் வகுத்தது.

கொடுத்த உரிமை எத்துணைப் பெரிது என்பதை இரு வழக்குகள் விளக்கின. 1992ஆம் ஆண்டு, அரசை எதிர்த்தோர் மேளமும் மணியும் ஒலித்துத் தம் அதிருப்தியைத் தெரிவித்தனர். பொலிசார் ஓரிடத்தில் தலையிட்டுத் தடுத்தனர். மேள ஒலியும் கருத்து வெளிப்பாடே என்று உயர் நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. அமைதியான எதிர்ப்பை இன்று அடக்கினால் அது நாளை வன்முறையாக வெடிக்கும் என்னும் பொருள்படவும் எச்சரித்தது. இரண்டாவது வழக்கு வானொலி பற்றியது. 1995ஆம் ஆண்டு, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கல்வி நிகழ்ச்சியொன்று திடீரென நிறுத்தப்பட்டது. அதிற் பங்குகொண்டு வந்த நேயர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவருடைய கருத்துரிமை மீறப்பட்டது என்று மறு ஆண்டு தீர்ப்பாயிற்று. வானொலியைக் கேட்டிருப்பவரும் உரிமையுடையவரே என்பதை நேயர்கள் இத்தீர்ப்பினால் அறியலாம்.

2002ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவையினின்றும் அவதூறுக் குற்றம் நீக்கப்பட்டது. எழுதியதற்காகச் சிறை செல்லும் அச்சம் ஓரளவு குறைந்தது. ஆயினும் நான்கு ஆண்டுகள் நிறையுமுன் எங்கள் நகரம் வேறொன்றைக் கண்டது.

2006 சனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் உயிரிழந்தனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று முதலில் அதிகாரிகள் தரப்பிற் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களோ, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அம்மாதம் 24ஆம் நாள் காலை, அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை. மாணவர் கொலை வழக்கில் எதிரிகள் 13 பேரும், சான்றுகள் போதாமையால், 2019இல் விடுவிக்கப்பட்டனர்.

மேளம் கொட்டியவரும் வானொலி கேட்டவரும் நீதிமன்றப் படி ஏறினர், நீதி பெற்றனர். படம் பிடித்தவருக்கு அவ்வாய்ப்பே கிட்டவில்லை. அவரைத் தடுக்கச் சட்டம் தேவைப்படவில்லை. ஒரு துப்பாக்கி போதுமாயிருந்தது.

ஆதலின் அரசின் கடமை இருவகைத்து. உரிமையிற் கைவையாதிருத்தல் ஒன்று. அதனைப் பயன்படுத்துவோரைக் காத்து, தீங்கிழைத்தோரைச் சட்டத்தின் முன் நிறுத்துதல் மற்றொன்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரவேற்கத்தக்கது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ பத்திரிகையாளரிடையே புதிய ஐயங்களை எழுப்பியது. சட்டங்கள் வரும், மாறும். அவ்விரண்டாவது கடமை நிறைவேறும்வரை, என் மாணவரின் வினாவுக்கு நான் கூறும் விடை இதுவே: உரிமை ஏட்டில் இருக்கிறது; அதற்குரிய காவல் இன்னும் வரவில்லை.