சும்மா கிடந்த கம்ப்யூட்டரின் தொண்டு

1999 மே மாதம், அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 'ஸெட்டி அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கியது. வேற்றுலகத்தாரின் ரேடியோ சமிக்ஞை ஏதும் வருகிறதா என்று தேடும் கணக்கைத் துண்டு துண்டாக்கி, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பினார்கள். சும்மா கிடக்கிற நேரத்தில் அது கணக்குப் போடும். லட்சக்கணக்கானோர் சேர்ந்தனர்.

அப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே கோர். ஒரு சமயத்தில் ஒரு துண்டுதான். 2017-ல் ஏ.எம்.டி.யின் 'எபிக்' சர்வர் சிப் 32 கோர்களுடன் வந்தது, 2019-ல் 64, 2024-ல் 192. ஒரு பெரிய லேப் செய்த வேலையை ஒரே பெட்டி செய்யுது! ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி மெமரி வேணும். கரண்ட் பில்லும் ஏறும்.

2020 மார்ச்சோடு 'ஸெட்டி' வேலை அனுப்புவதை நிறுத்தியது. தொண்டு நிற்கவில்லை, பிற ஆய்வுகளுக்குத் தொடர்ந்தது. அன்று கொடுத்தது மிஞ்சிய சோறு. இன்று சர்வர் வாங்கி ஓட்டுகிறவர்கள், இதற்கென்றே உலை வைத்துப் போடுகிறார்கள். அதுதானே பெரிய தானம்!